பாறை நகர்ந்த ஆறு நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. எந்த வாத்தியார் எந்தக் குச்சியால் அடித்தார், யார் யாருடைய சோற்றைத் தின்றோம் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நான் அந்தச் சமயம் பார்த்துக் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். இப்போது முழங்கால் வலி. நினைத்தவுடன் எழ முடிவதில்லை. உட்கார்ந்தே இருக்க வேண்டியிருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். எனக்குப் பத்து வயது. அப்பா தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டும் வேலையில் ஓவர்சியர். அம்மா டீச்சர். நாசரேத் பக்கம் எங்களுக்கு. படித்த குடும்பம் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு. அம்மாவுக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவும் நானும் அங்கே வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிட்டுத் திங்கள் விடியும் முன் போய்விடுவார்.

அந்த ஊரில் கடலுக்குள் மூக்கு நீட்டினாற்போல ஒரு பாறை மேடு. கருங்கல் இல்லை. எந்தக் காலத்து மணலோ சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிக் கல்லானது. வெளிறின மஞ்சள் நிறம். சுரண்டினால் நகக்கண்ணில் மணல் நிற்கும். மேட்டின் மேல் எங்கள் பள்ளிக்கூடம், மூன்றே அறை. கடலைப் பார்த்த கடைசி அறை ஐந்தாம் வகுப்பு. அம்மாதான் டீச்சர், நான் முதல் பெஞ்சு.

மேட்டின் அடியில் அலை குடைந்து குடைந்து பெரிய பொந்து விழுந்திருந்தது. அதைக் குடை என்பார்கள். கருவாடு போடும் பெண்கள் பதினைந்து பேருக்கு அதுதான் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம். மூட்டைகளும் அங்கேதான் கிடக்கும். கோடையில் அதன் கூரையில் மாவு தூவினாற்போல வெள்ளையாக உப்புப் பூக்கும். நாங்கள் நக்கிப் பார்ப்போம். பூத்த இடத்தில் விரலை அழுத்தினால் கல் பொருபொருவென்று உதிரும். சுவரெல்லாம் தேனடை மாதிரிக் குழிகள். குழிக்குள் விரல் விட்டுப் பிடித்துக்கொண்டு யார் அதிக உயரம் ஏறுகிறோம் என்று பந்தயம் வைப்போம். என் கூட்டாளிதான் எப்போதும் ஜெயிப்பாள். அவள் என் வகுப்பு. அவளுடைய அம்மா கருவாடு போடும் பெண்களில் ஒருத்தி. நான் சித்தி என்று கூப்பிடுவேன்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, குடையில மணல் கொட்டுது."

"அது எப்பவும் கொட்டுறதுதானே?"

"எப்பவும் உப்புப் பூத்த இடத்துலதான் கொட்டும். இது நட்ட நடுவுல, ஒரே கோடா கொட்டுது. சல்லடையில சலிச்ச மாதிரி. மீனை உதறி உதறி எனக்குக் கை விட்டுப்போச்சு. ஐயா வந்தா ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சுத்தியலோடு வந்தார். குடைக்குள் நுழைந்து கூரையைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு மேலே ஏறி எங்கள் வகுப்பறையைச் சுற்றி வந்தார். அறைக்கு இடப்புறம் ஒரு உடைமரப் புதரிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் கிளம்பி, அறைக்கு அடியில் புகுந்து, வலப்புறம் வெளியே வந்து விளிம்போடு ஒட்டிப் போயிற்று. எங்கள் அறையில் பாதி விரிசலுக்கு இந்தப் பக்கம், பாதி கடல் பக்கம்.

"இது காலங்காலமா இருக்குற கோடு" என்றார் அப்பா. "மேல இருந்து மழைத்தண்ணி இறங்குனாத்தான் ஆபத்து. வாயை அடைச்சிட்டா போதும்."

புதரை வெட்டச் சொன்னார். வெளியே தெரிந்த விரிசல் முழுக்கச் சிமென்ட் பூசினார். அதன்மேல் விரல் நீளத்துக்கு மூன்று கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டினார். "பாறை ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி விட்டுரும். கண்ணாடி முழுசா இருக்கிற வரைக்கும் பாறையும் முழுசா இருக்குன்னு அர்த்தம்." தலைமை ஆசிரியர், நாங்கள் பெரிய சார் என்போம், பயமில்லை என்று எழுதித் தரும்படி கேட்டார். அப்பா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். தினமும் கண்ணாடியைப் பார்த்துக் குறிக்க ஒரு நோட்டை என்னிடம் தந்தார். பெரிய சார் முன்னால், "என் மக பாத்துக்கிடுவா" என்றார். எனக்கு ஒரு அடி உயரம் கூடிப்போயிற்று.

அப்பாவுக்குத் தெரிந்தது கருங்கல். கடலில் கொட்டும் பாறாங்கற்களை அவர் தட்டிப் பார்த்தே எது உடையும் எது நிற்கும் என்று சொல்லுவார் என்பார்கள். இந்த மணல்கல் வேறு சாதி என்று அவருக்குத் தோன்றவில்லை. மழைத்தண்ணீர் விரிசல் வழியாக மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மேடு முழுக்கத் தண்ணீரைக் குடித்து உள்ளுக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் இத்தனை நாள் விரிசல் வழியாகக் கசிந்து காற்றில் காய்ந்தது. அப்பா பூசிய பிறகு போக வழியில்லை. உள்ளே தங்கின உப்பு காய்ந்து கட்டியாகி மணலை மணலிலிருந்து நெம்பியது. தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்தது. வெட்டின மரத்தின் வேர் அழுகி, தண்ணீருக்கு ஒரு குழாய் ஆயிற்று. இதெல்லாம் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குப் பூச்சு பளபளவென்று அழகாக இருந்தது.

ஐப்பசி முதல் வாரம் அம்மா பாறைகள் சிதைவது பற்றிப் பாடம் எடுத்தாள். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும், வேர் பிளக்கும், உப்பு உதிர்க்கும், அலை கல்லை எடுத்துக் கல்லையே அடிக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டாளி எழுந்து, "டீச்சர், எங்க குடையில இது அம்புட்டும் நடக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "கண்ணாடி எப்படி இருக்கு?"

"உடையலம்மா."

அது உண்மைதான். அன்றைக்கு உடையவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நானும் கூட்டாளியும் அறைக்கு வலப்புறம் பாண்டி ஆடினோம். அங்கே ஆடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். பூச்சு மேல் கோடு கிழித்தால் நன்றாகத் தெரியும் என்பதால் ஆடினோம். அவள் எறிந்த ஓட்டுச்சில்லு துள்ளிப் போய்ப் புல்லில் விழுந்தது. எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஏளா, இங்கன பாரு."

நடுக் கண்ணாடி இரண்டாக நின்றது. சிதறவில்லை. கத்தியால் அறுத்தாற்போல ஒரே கோடு.

"நீதான் உடைச்ச!"

"என் சில்லு அந்தப் பக்கமே போகலளா. மாதா மேல சத்தியமா போகல."

நான் நம்பவில்லை. ஆடக் கூடாத இடத்தில் ஆடிக் கண்ணாடியை உடைத்துவிட்டோம் என்றுதான் என் மனதில் ஓடியது. அப்பாவின் முகம் வந்து நின்றது. எங்கள் வீட்டு மேசை டிராயரில் அவர் மிச்சக் கண்ணாடித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். பால்பவுடர் டப்பாவில் கொஞ்சம் சிமென்டும் இருந்தது. பள்ளி விட்டதும் ஓடிப்போய் எடுத்து வந்து, பழையதைப் பெயர்த்துக் கடலில் எறிந்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். கூட்டாளி பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள். "சொல்லிரலாம்ளா" என்றாள். "சொன்னா உன்னையும் அடிப்பாங்க" என்றேன். நோட்டில் செவ்வாய்க்கு நேராக 'உடையவில்லை' என்று எழுதினேன்.

புதன்கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை. 'உடையவில்லை.' வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. 'உடையவில்லை.' கடல் கலங்கிச் சேறாகக் கிடந்தது. மரங்கள் கடலுக்குப் போகவில்லை. மரம் என்றால் அங்கே கட்டுமரம். கருவாட்டுப் பெண்கள் மூட்டைகளைக் குடைக்குள் அடுக்கி, நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து ஈரமான நெத்திலியைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்பில் உட்கார்ந்தபடி தரையைப் பார்ப்பேன். சிமென்ட் தரையில் என் பெஞ்சுக்குக் கீழே ஒரு கோடு ஓடியது. அது முன்பே இருந்ததா, புதிதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலைத் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டேன். "காலைக் கீழ போடு" என்றாள் அம்மா.

சனிக்கிழமை அப்பா வந்ததும் சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தேன். சனிக்கிழமை பஸ் வந்தது. அப்பா வரவில்லை. புயல் எச்சரிக்கை, துறைமுகத்தில் ஆட்களை விடவில்லையாம். கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை வகுப்பறைக் கதவு திறக்கவில்லை. அம்மா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நிலையில் உரசிக்கொண்டு பாதி திறந்தது. "மழையில மரம் ஊதிருக்கும்" என்றார் பெரிய சார் தாழ்வாரத்திலிருந்து. அம்மா நிலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணாடியைப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

"இன்னைக்கா?"

நான் வெளியே ஓடினேன். மழை முகத்தில் அறைந்தது. மூன்று கண்ணாடியும் விட்டிருந்தன. நான் ஒட்டினதும்தான். மழையில் யார் வந்து பாண்டி ஆடியிருப்பார்கள்? பூச்சு இரண்டு உதடாகப் பிளந்து நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி. அதற்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கூட்டாளி செய்த சத்தியம் நிஜம் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

அம்மா வந்து பார்த்தாள். வகுப்புக்குள் போய், "புத்தகத்தை எடுக்காதீங்க. அப்படியே எந்திரிங்க. வரிசையா மாதா கோயிலுக்கு நடங்க" என்றாள். பெரிய சார் ஓடி வந்தார்.

"என்ன டீச்சர் இது? உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் என்கிட்ட இருக்கு. மழையில பிள்ளைகளை நனையவிட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லுதேன் சார். மத்த ரெண்டு வகுப்பையும் எந்திரிக்கச் சொல்லுங்க."

"உங்களுக்கு அவரைவிடத் தெரியுமோ?"

"தெரியாது சார். பயமா இருக்கு. அவ்வளவுதான்."

பிறகு என்னையும் கூட்டாளியையும் பார்த்து, "கீழ ஓடுங்க. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க" என்றாள்.

பாறையில் வெட்டின படி வழியாக இறங்கினோம். குடைக்குள் பெண்கள் கூடையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "வெளிய வாங்க, பாறை நகருது" என்று கத்தினேன். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "உங்கப்பா தட்டிப் பாத்துட்டு ஒண்ணும் ஆகாதுன்னாரே" என்றாள்.

சித்தி மட்டும் எழுந்தாள். "என்னளா ஆச்சு?"

"கண்ணாடி உடைஞ்சிருச்சு சித்தி."

"எப்ப?"

கூட்டாளி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "இன்னைக்குத்தான்."

"இன்னைக்குத்தானா? அப்ப மூட்டையை எடுத்துட்டே போயிருவோம்" என்றாள் சித்தி. பெண்கள் நிதானமாக எழுந்து, சாக்குகளின் வாயைக் கட்டி ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்துச் சோறு அது, மழையில் போடுவார்களா? நான் அழுதுகொண்டே ஒருத்தியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அம்மா வந்து சேர்ந்தாள். காலில் செருப்பில்லை, தலைக்குக் குடையில்லை. முதலில் கண்ணில் பட்ட நெத்திலிக் கூடையைத் தூக்கி வெளியே மழையில் வீசினாள். இரண்டாவதையும் வீசினாள். பெண்கள் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு மீனைக் காப்பாற்ற வெளியே ஓடினார்கள். அப்படித்தான் அவர்கள் வெளியே வந்தது. எல்லாரும் மணலுக்கு வந்த பிறகு, உள்ளே ஒரு மூட்டை மிச்சம் என்று சித்தி திரும்பினாள். "வேண்டாம்!" என்றாள் அம்மா. "இந்தா, ஒரே எட்டு" என்றாள் அவள்.

முதலில் சத்தம் இல்லை. குடையின் வாயில் திரை தொங்கவிட்டாற்போல மணல் கொட்டியது. அதற்குப் பின்னால் சித்தி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. பிறகுதான் பாறை இறங்கியது. காலுக்குக் கீழே கரையே ஒருமுறை குதித்தது. தூசி மழையில் உடனே அடங்கிவிட்டது. மேலே எங்கள் வகுப்பறையில் பாதிதான் இருந்தது. கரும்பலகை வானத்தில் ஒட்டினாற்போல நின்றது. அதில் அம்மா எழுதின தேதி அழியாமல் இருந்தது.

சித்தி வெளியேதான் கிடந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கடியில். கூட்டாளி போட்ட சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. ஆண்கள் கடப்பாரையோடு வந்து கல்லைப் புரட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. பங்குச் சாமியார் வேன் பிடித்துத் தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே காலை எடுத்துவிட்டார்கள்.

அப்பா மறுநாள் வந்து இடிந்த இடத்தைப் பார்த்தார். விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அனுமதியில்லாமல் பாறைக்கடியில் ஏன் உட்கார்ந்தார்கள் என்று பெண்களைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பாவிடம் வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார். அன்று இரவு சாப்பாட்டின்போது அப்பா என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஞாயிறு வரை 'உடையவில்லை'. "முன்னறிவிப்பே இல்லாம விழுந்திருக்கு" என்றார் அம்மாவிடம். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. "நோட்டு சாட்சி." அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அம்மா நர்ஸிடம் பேசப் போன நேரத்தில் நான் சித்தியின் கட்டிலருகே தனியாக நின்றேன். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகப் போயிருந்தது. சொல்லிவிட்டேன். சில்லு, கண்ணாடி, டப்பாச் சிமென்ட், எல்லாம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"சொல்லு."

"சொன்னா அடிப்பாரு சித்தி."

கண்ணைத் திறந்தாள். "அடிக்கட்டும்ளா. எனக்குக் காலே போச்சு. உனக்கு ஒரு அடி விழக் கூடாதா?"

அன்று சாயங்காலம் அப்பா மேசை முன்னால் வாக்குமூலத்தைச் சுத்தமாகப் படியெடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்று, "கண்ணாடி முன்னாலயே உடைஞ்சிருச்சுப்பா. நான்தான் வேற ஒட்டுனேன்" என்றேன். பேனா நின்றது. அம்மா அடுக்களையிலிருந்து வந்து வாசல்படியில் நின்றாள்.

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

அவர் என்னை அடிக்கவில்லை. பேனாவை மூடிவைத்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "மணல் கொட்டுதுன்னு அந்தம்மா ஆவணியிலேயே சொல்லிட்டா. நான்தான் கண்ணாடிகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். அதையும் ஒரு பத்து வயசுப் பிள்ளை தலையில கட்டிவச்சேன்."

தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். விரிசலை அடைத்தது தன் தவறு, அந்தப் பெண் சொன்ன அன்றே அறையையும் குடையையும் மூடச் சொல்லியிருக்க வேண்டும், பெண்கள் மேல் குற்றம் இல்லை என்று எழுதினார். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தார். "வெள்ளிக்கிழமை முதல் பாறை நகர்ந்திருக்கிறது" என்ற வரி வந்தபோது நான் தாளின் மேல் கையை வைத்தேன்.

"வெள்ளி இல்லப்பா" என்றேன். "செவ்வாய்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா வெள்ளி என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே செவ்வாய் என்று எழுதினார். விரல்விட்டு எண்ணினார். "ஆறு நாள்" என்றார்.

பெண்கள் மேல் வழக்கு வரவில்லை. கோயிலுக்குப் பின்னால் சமதரையில் அவர்களுக்கு ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். அப்பாவின் பதவி உயர்வு நின்றுபோயிற்று. தாமிரபரணிப் பாசனத்தில் வாய்க்கால் வேலைக்கு மாற்றினார்கள். அம்மாவும் மாற்றல் வாங்கிக்கொண்டாள். மாற்றல் வரும்வரை இருந்த இரண்டு மாதமும் கூட்டாளி என்னோடு பேசவில்லை. கோயில் மண்டபத்தில் வகுப்பு நடந்தபோது வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

நாங்கள் கிளம்பின அன்று சித்தி கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். கூட்டாளி அவளுக்குப் பின்னால் நின்றாள். சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"புது ஊர்ல பாறை இருக்கா?"

"இல்ல சித்தி. வயக்காடு. வாய்க்கா."

"வாய்க்காலும் உடையும்ளா. எதையாவது பாத்தா உடனே சொல்லிரு, என்னா?"

நான் தலையாட்டினேன். அப்போது பின்னாலிருந்து கூட்டாளி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவ எங்க சொல்லப்போறா."

பஸ் கிளம்பிவிட்டது.